செந்நிறக் குதிரைலாட வௌவாலுக்கு ஒரு காது: ஆடியோமாத் ஒலிப்பதிவுக் கருவி மதிப்புரை

ஆடியோமாத் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சைச் சர்க்யூட் பலகை. நீளம் 58 மில்லிமீட்டர், அகலம் 48, கனம் 15. மூன்று டபுள் ஏ பேட்டரிகளையும் சேர்த்து எடை சுமார் 80 கிராம். சவுத்தாம்ப்டன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடிவமைத்து, வரைபடங்களையும் மென்பொருளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்த கருவி இது. பறவை, தவளை, துப்பாக்கிச் சத்தம் என்று பலவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். இங்கே ஒரே ஒரு வேலைக்கு அது தகுமா என்று மட்டும் பார்க்கிறோம்: மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கைக் காடுகளிலும் வாழும் செந்நிறக் குதிரைலாட வௌவாலை, அதாவது ரைனோலோஃபஸ் ரூக்ஸியை, அதன் குரலை வைத்து அடையாளம் காண்பது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த வௌவாலுக்கு இந்தக் கருவி போதும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மரத்தில் கட்டினால் போதாது. எந்த வேகத்தில் பதிய வேண்டும், எங்கே வைக்க வேண்டும், எந்த நேரத்துக்கு அமைக்க வேண்டும் என்பதை வௌவாலின் வாழ்க்கைதான் தீர்மானிக்கிறது. அதனால் கருவிக்கு முன் வௌவாலைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

இந்த இனத்தை 1835இல் விவரித்தவர் டச்சு விலங்கியலாளர் டெம்மிங்க். மாதிரிகள் புதுச்சேரியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் போனவை. மார்செய் நகரத்துப் பிரெஞ்சு இயற்கையியலாளர் பாலிடோர் ரூவின் பெயரை அதற்கு வைத்தார். குடும்பம் ரைனோலோஃபிடே. மூக்கின் மேல் தோல் மடிப்பு மூன்று பகுதியாக இருக்கும்: கீழே மேலுதட்டைச் சுற்றி லாடம், நடுவில் சேணம் போல நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு, மேலே ஈட்டி முனை. இந்தக் குடும்பத்து வௌவால்கள் ஒலியை மூக்கு வழியே விடுகின்றன. அந்த மடிப்புகள் ஒலியைக் குவித்து முன்னே செலுத்தும். பூச்சி தின்னும் மற்றப் பல வௌவால்களின் காதுத் துளைக்கு முன்னால் நிற்கும் சிறு மடல் இவற்றுக்குக் கிடையாது.

வகைப்பாட்டில் ஒரு பழைய எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பழம் தின்னும் பெரிய வௌவால் ஒரு பக்கம், பூச்சி தின்னும் சிறிய வௌவால் ஒரு பக்கம் என்று பள்ளியில் படித்த பிரிவு இப்போது செல்லாது. மரபணு ஆய்வுகள் குதிரைலாட வௌவால்களையும் இலைமூக்கு வௌவால்களையும் பொய் இரத்தக்காட்டேரி வௌவால்களையும் பழ வௌவால்களோடு ஒரே கிளையில் சேர்த்துவிட்டன. நம் வீட்டுச் சுவர் இடுக்கில் வாழும் சிறு பூச்சியுண்ணி வௌவாலான பிப்பிஸ்ட்ரெல் எதிர்க் கிளையில் இருக்கிறது. உருவத்தையும் உணவையும் பார்த்தால் லாட வௌவாலும் பிப்பிஸ்ட்ரெல்லும் உறவு போலத் தோன்றும், ஆனால் உறவு வேறு பக்கம்.

உருவத்தில் சிறியது. முன்கை 44 முதல் 52 மில்லிமீட்டர். நிறம் மங்கிய பழுப்பிலிருந்து பளிச்சென்ற ஆரஞ்சுச் சிவப்பு வரை மாறும், ஒரே கூட்டத்திலேயே இரண்டையும் பார்க்கலாம். ஆகவே நிறத்தை நம்பி இனம் சொல்லக் கூடாது. குகை, சுரங்கம், மரப்பொந்து, பாழடைந்த கட்டடம், பழைய கிணறு ஆகிய இடங்களில் தலைகீழாகத் தொங்கி, இறக்கையால் உடம்பைச் சுற்றிக்கொண்டு தூங்கும். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. பெண் வௌவாலின் அடிவயிற்றுப் பகுதியில் பால் வராத பொய்க் காம்புகள் இரண்டு உண்டு. தாய் பறக்கும்போது குட்டி பற்றிக்கொள்ள அவை உதவும்.

இறக்கை அகலமானது, குட்டையானது. அதனால் மெதுவாகவும் நெருக்கமான செடிகொடிகளுக்கு இடையிலும் பறக்க முடியும். இலங்கையில் சுமார் 15,000 வௌவால்கள் வாழ்ந்த ஒரு குகையை மையமாக வைத்து நியூவைலரும் குழுவினரும் செய்து 1987இல் வெளியிட்ட ஆய்வுதான் இதன் வேட்டை முறையை நன்றாகக் காட்டியது. பொழுது சாய்ந்ததும் குகையை விட்டு நேரே அடர்ந்த காட்டுக்குள் போகின்றன, திறந்த வெளியில் இரை தேடுவதில்லை. முதல் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பறந்துகொண்டே பிடிக்கின்றன. அதற்குப் பிறகு ஒரு கிளையில் தொங்கிக்கொண்டு, உடம்பைத் திருப்பித் திருப்பிச் சுற்றுவட்டாரத்தை ஒலியால் துழாவி, பூச்சி வந்தால் பாய்ந்து பிடித்து மீண்டும் அதே கிளைக்குத் திரும்புகின்றன. ஈப்பிடிப்பான் பறவை செய்வதும் இதுதான்.

இப்போது குரல். பெரும்பாலான பூச்சியுண்ணி வௌவால்கள் மேலிருந்து கீழே சறுக்கும் சிறு கீச்சொலியை விடும். லாட வௌவால் அப்படியல்ல. ஒரே உயரத்தில் நிற்கும் நீண்ட தூய ஒலி, 40 முதல் 60 மில்லி விநாடி, கடைசியில் ஒரு சிறு சறுக்கல். அந்த ஒலி பூச்சியின் இறக்கையில் பட்டுத் திரும்பும்போது ஒவ்வொரு சிறகடிப்புக்கும் எதிரொலி மினுங்கும். இலை அசையும், ஆனால் சிறகடிக்காது. ஆகவே ஆயிரம் இலைகளுக்கு நடுவிலும் ஒரு அந்துப்பூச்சியைப் பிரித்துக் கேட்க முடிகிறது. காதின் நத்தைச்சுருளில் பெரும்பகுதி அந்த ஒரு அதிர்வெண்ணைச் சுற்றியுள்ள மிகக் குறுகிய பட்டைக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பறக்கும் வேகத்தால் எதிரொலி உயர்ந்துவிடாதபடி, தான் விடும் ஒலியையே தாழ்த்திக்கொள்ளும் திறமையும் உண்டு.

ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது ஒலியின் அதிர்வெண்ணை நேரத்தோடு காட்டும் வரைபடத்தில், இந்தக் குரல் ஒரு தட்டையான கோடாகத் தெரியும். அதுதான் நமக்கு வசதி. மலிவான மைக்கில் ஒரு சறுக்கல் ஒலியின் வடிவம் சிதைந்துவிடலாம். 50 மில்லி விநாடி நீளும் ஒற்றைக் கோட்டின் அதிர்வெண்ணோ மைக் சுமாராக இருந்தாலும் மாறாது. ஒலி அளவு குறையலாம், கோடு நிற்கும் இடம் நகராது.

அந்த இடம் எவ்வளவு முக்கியம் என்பதை 2012இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் சேர்ந்த குழு காட்டியது. தென்னிந்தியாவில் ரூக்ஸி என்று ஒரே பெயரில் எழுதிவந்த வௌவால்களில் ஒரு பகுதி 80 கிலோஹெர்ட்ஸ் அருகிலும் இன்னொரு பகுதி 90க்குப் பக்கத்திலும் ஒலிப்பதை வைத்து மரபணுவைப் பார்த்தார்கள். இரண்டும் வேறு இனங்கள். 90 பக்கம் ஒலிப்பதற்கு ரைனோலோஃபஸ் இண்டோரூக்ஸி என்று பெயர் வைத்தார்கள். கையில் பிடித்துப் பார்த்தால் பிரித்தறிவது கடினம், குரலில் பத்துக் கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. வலை போடாமல், வௌவாலைத் தொடாமல் இரண்டையும் பிரிக்கலாம் என்றால் அதற்கு ஒலிப்பதிவுதான் வழி. இந்தக் கருவியை இந்த வேலைக்கு எடை போடக் காரணமும் இதுவே.

இனி அமைப்புகள். ஆடியோமாத்தில் பதிவு வேகம், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை மாதிரி எடுப்பது என்பதை, 8 ஆயிரத்திலிருந்து 384 ஆயிரம் வரை தேர்ந்தெடுக்கலாம். பதிவு வேகத்தில் பாதி வரைதான் ஒலி கிடைக்கும் என்பது விதி. 192 வைத்தால் 96 கிலோஹெர்ட்ஸ் வரை. 80ஐப் பிடிக்கும், 90ஐ விளிம்பில் தொடும். "போதுமே, ஃபைலும் சின்னதாக இருக்கும்" என்று பலரும் 192இல் நிறுத்துகிறார்கள். அங்கேதான் கோளாறு. 96க்கு மேலே உள்ள ஒலி முழுவதும் மறைந்து போகாது, கண்ணாடியில் பட்டது போல மடங்கிக் கீழே விழும். ஷ்னைடர் இலைமூக்கு வௌவால் சுமார் 132இல் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 192இல் பதிந்தால் அதன் கோடு 60இல் தெரியும். இல்லாத ஒரு வௌவால் பட்டியலில் ஏறிவிடும். 250 வைத்தாலும் அதே ஒலி 118இல் மடங்கும். ஆகவே 384 தவிர வேறெதையும் வைக்காதீர்கள்.

அதற்கு விலை மெமரி கார்டில் போகும். 384இல் 16 பிட் ஒற்றைத் தடப் பதிவு விநாடிக்கு 768 கிலோபைட், நிமிடத்துக்கு சுமார் 46 மெகாபைட். மாலையும் அதிகாலையும் சேர்த்து இரவுக்கு நான்கு மணி நேரம் இடைவிடாமல் பதிந்தால் 11 ஜிபி. 32 ஜிபி கார்டு மூன்றாம் இரவு முடிவதற்குள் நிரம்பிவிடும். 10 விநாடி பதிவு, 20 விநாடி ஓய்வு என்று அமைத்தால் இரவுக்கு 3.7 ஜிபி, எட்டு இரவு தாங்கும். லாட வௌவால் ஒரு கிளையில் தொங்கிக்கொண்டே நெடுநேரம் ஒலிப்பது என்பதால் இந்த மூன்றில் ஒரு பங்கு முறையில் பெரிதாக எதுவும் நழுவாது. வேகமாகக் கடந்துபோகும் இனங்களுக்கு இதே அமைப்பை வைத்தால் நழுவும்.

கார்டு வாங்கும்போது சிக்கனம் வேண்டாம். 384இல் எழுதும் வேகம் தாங்காத கார்டில் பதிவுக்குள் சிறு சிறு வெட்டுகள் விழும். ஸ்பெக்ட்ரோகிராமில் அது செங்குத்துக் கோடாகத் தெரியும், பூச்சியின் கிளிக் என்று நினைத்துவிடுவீர்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் வேகக் கார்டு வாங்கி, காட்டுக்குப் போகுமுன் வீட்டில் ஒரு மணி நேரம் 384இல் ஓட்டிப் பாருங்கள். போலிக் கார்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

பேட்டரிக்கு ஆல்கலைன் போதும், குளிர்ந்த மலை உச்சியில் லித்தியம் நல்லது. கடிகாரத்துக்குப் போடும் மலிவுச் செல்லைப் போடாதீர்கள்: கார்டில் எழுதும் நொடியில் இழுக்கும் மின்சாரத்துக்கு அதன் வோல்டேஜ் சரிந்து கருவி நின்றுவிடும். சார்ஜ் செய்யும் செல்கள் வேலை செய்யும், ஆனால் அவற்றின் வோல்டேஜ் இயல்பிலேயே குறைவு என்பதால் புதிதாக ஏற்றிய செல்லையும் பாதி தீர்ந்தது போலக் கருவி காட்டும். பயப்பட வேண்டாம். மேலே சொன்ன கால அட்டவணையில் பேட்டரி தீருமுன் கார்டுதான் நிரம்பும். கருவியை அமைக்கக் கம்ப்யூட்டரில் ஓடும் ஆப்பின் அடியில் ஒரு நாளுக்கு எத்தனை மெகாபைட், எத்தனை மில்லி ஆம்பியர் மணி ஆகும் என்ற கணக்கு வரும், அதைப் பார்த்துவிட்டு அமையுங்கள்.

பலருடைய பதிவுகள் பாழாவது கடிகாரத்தில். கருவியில் நேரத்தைக் காப்பாற்றத் தனிப் பேட்டரி இல்லை. செல்லைக் கழற்றினால் நேரம் போய்விடும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் புதுச் செல், பிறகு யூஎஸ்பியில் கம்ப்யூட்டரோடு இணைத்து ஆப்பில் அமைப்பு, பிறகு இணைப்பை எடுத்து, சுவிட்சை நேரே கஸ்டம் (அட்டவணைப்படி பதியும்) நிலைக்கு. காட்டில் செல் மாற்ற வேண்டியிருந்தால் போனிலிருந்து ஒலி மூலம் நேரத்தை ஏற்றும் ஆப் இருக்கிறது, அதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் இருக்காது. இன்னொன்று: கருவி உலகப் பொது நேரத்தில் ஓடும். ஆப்பில் உள்ளூர் நேரத்தைத் தேர்வு செய்யாவிட்டால் மாலை 6.15 பதிவு 12.45 என்று பெயர் வாங்கி வரும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டத் தெரியாதவர் கையில் போனால், அந்தி வௌவால் நண்பகல் வௌவாலாகிவிடும்.

சுவிட்சைத் தவறுதலாக டிஃபால்ட்டில் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. அந்த நிலையில் கருவி அட்டவணையைப் பார்க்காமல் உடனே பதியத் தொடங்கி, பகலிலேயே கார்டை நிரப்பிவிடும். கஸ்டம் என்ற முனையில் நிற்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள்.

மைக்கின் பெருக்கத்தை (கெயின்) நடு நிலையில் வையுங்கள். கூட்டினால் தூரத்து வௌவால் கேட்கும் என்று தோன்றும். நடப்பது வேறு: மழைக்குப் பிந்தைய காட்டில் இலைவெட்டுக்கிளிகளின் இரைச்சலே மைக்கை நிரப்பிவிடும், பக்கத்தில் வரும் வௌவாலின் ஒலி உச்சி வெட்டுப்பட்டுப் பொய்க் கோடுகளை உண்டாக்கும்.

தூண்டல் பதிவு, அதாவது குறித்த ஒலி வந்தால் மட்டும் பதியும் வசதி, இந்த வௌவாலுக்கென்றே செய்தது போல இருக்கிறது, சரியாக அமைத்தால். ஒலி அளவைப் பார்த்துத் தூண்டும் முறையைக் காட்டில் பயன்படுத்தாதீர்கள், பூச்சிச் சத்தமே இரவெல்லாம் தூண்டிக்கொண்டிருக்கும். அதிர்வெண்ணைப் பார்த்துத் தூண்டும் முறை வேறு. மைய அதிர்வெண்ணும் ஜன்னல் நீளமும் (ஒரு தடவைக்கு எத்தனை மாதிரிகளைச் சேர்த்துப் பார்ப்பது என்பது) கேட்கும். ஜன்னல் சிறிதானால் பட்டை அகலும். 384 ஆயிரத்தை ஜன்னல் நீளத்தால் வகுத்தால் பட்டையின் அகலம் ஏறத்தாழ வரும்: 64க்கு 6 கிலோஹெர்ட்ஸ், 16க்கு 24. ரூக்ஸியையும் இண்டோரூக்ஸியையும் சேர்த்துப் பிடிக்க மையம் 85, ஜன்னல் 16 என்று வையுங்கள். 80ஐ மையமாக்கி 512 ஜன்னல் வைத்தால் ஒரு கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவான இடுக்கில் மட்டும் காது திறந்திருக்கும். பாதி வௌவால்கள் கடந்து போய்விடும், நீங்கள் "இங்கே இல்லை" என்று எழுதுவீர்கள். தூண்டல் பதிவுகளின் பெயர் டி எழுத்தில் முடியும். அவற்றில் மௌனப் பகுதிகள் சுருக்கப்பட்டிருப்பதால் ஆப்பில் விரித்த பிறகுதான் மற்ற மென்பொருளில் திறக்க வேண்டும். முதல் வாரம் தூண்டல் இல்லாமல் முழுப் பதிவு எடுத்து, அந்த இடத்தில் எவை ஒலிக்கின்றன என்று தெரிந்துகொண்டு பிறகு தூண்டலுக்கு மாறுவதே முறை.

எங்கே வைப்பது? இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். 80 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் காட்டின் ஈரக் காற்று மீட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 3 டெசிபெல் வரை விழுங்கும். 5 மீட்டரில் கேட்ட வௌவால் 15 மீட்டருக்குப் போனால், பரவலால் குறைவதையும் சேர்த்து 30 டெசிபெலுக்கு மேல் மங்கிவிடும். போதாததற்கு ஒலி மூக்கிலிருந்து குவிந்து முன்னே போகிறது, பக்கவாட்டில் வைத்த மைக்குக்கு இன்னும் குறைவு. ஆக, இந்தக் கருவியின் காது லாட வௌவாலுக்குப் பத்து மீட்டர் வட்டம்தான். ஒரு மரத்தில் கட்டிவிட்டு "இந்தக் காட்டைக் கேட்டேன்" என்று சொல்ல முடியாது. ஒரு அறையளவு காட்டைக் கேட்டீர்கள். விலை குறைந்த கருவி என்பதன் உண்மையான பயன் இங்கேதான்: விலையுயர்ந்த ஒன்றை வாங்கும் பணத்தில் ஐந்தாறு வாங்கிப் பல இடங்களில் வைக்கலாம்.

காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை, ஓடைக் கரையின் நிழல், விழுந்த மரத்தால் உண்டான சிறு திறப்பின் ஓரம் ஆகியவை நல்ல இடங்கள். தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் உயரம். சுற்றிலும் ஒரு மீட்டருக்கு இலை இருக்கக் கூடாது, ஆனால் இலையடர்வு பார்வைத் தூரத்தில் இருக்க வேண்டும், தொங்குவதற்குக் கிளை வேண்டுமல்லவா. பெரிய அடிமரத்தில் கட்டினால் பின்பக்கம் முழுக்க மறைந்துவிடும், மரப்பட்டையிலிருந்து எதிரொலியும் வரும். மெல்லிய கம்போ கொடியற்ற இளமரமோ நல்லது. ஓடைக்கரை என்றால் அருவி கொட்டும் இடத்தை விட்டுத் தள்ளி, தண்ணீர் அமைதியாக ஓடும் வளைவில். கொட்டும் தண்ணீரின் இரைச்சல் மீயொலி, அதாவது மனிதக் காதுக்குக் கேட்காத உயர் ஒலி, வரை பரவும். குகை வாயிலில் வைக்காதீர்கள். நூற்றுக்கணக்கான கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதுவும் படிக்க முடியாது, வௌவால்களுக்கும் தொந்தரவு. யானைத் தடத்தை விட்டு விலகி வையுங்கள், நாட்டுக்குரங்கு இருக்கும் இடத்தில் பளபளக்கும் பட்டையால் கட்டாதீர்கள். ஆப்பில் விளக்கை அணைத்துவிட்டால் மனிதர் கண்ணிலும் படாது. காப்புக்காட்டில் எதை வைப்பதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கருவி வெறும் பலகையாக வருகிறது, நீர் புகாத உறை தனி. மைக் துளைக்கு மெல்லிய சவ்வு போட்ட உறையைக் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள். ஜிப் பையில் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. பறவைக்கு அது ஓடும், 80 கிலோஹெர்ட்ஸுக்கு ஓடாது. பிளாஸ்டிக் உயர் ஒலியை முதலில் விழுங்கும், தூறல் விழுந்தால் பையின் படபடப்பு எல்லாவற்றையும் மூடும். எந்த உறையானாலும் உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மேகம் இறங்கும் மலையில் உட்புறம் வேர்க்கும். சவ்வின் மேல் நீர்த்துளி நிற்காதபடி துளை சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். வைத்துவிட்டுக் கிளம்புமுன் துளைக்கு எதிரே சாவிக்கொத்தை ஆட்டி ஒரு சோதனைப் பதிவு எடுங்கள். உலோகம் உரசும் ஒலியில் மீயொலி தாராளமாக உண்டு. அது வரவில்லை என்றால் வௌவாலும் வராது.

பதிவைப் படிப்பதற்கு ஆடசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். ஸ்பெக்ட்ரோகிராம் ஜன்னலை 2048க்கு வையுங்கள், 384 ஆயிரத்தை அதால் வகுத்தால் 188 ஹெர்ட்ஸ் துல்லியம். தட்டைக் கோட்டுக்கு இது கனகச்சிதம். வெளிநாட்டு இனங்களுக்காகப் பழக்கிய தானியங்கி அடையாள மென்பொருள்களை நம்ப வேண்டாம். இங்குள்ள இனம் அதன் பட்டியலிலேயே இல்லையென்றாலும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லத்தான் செய்யும்.

படிக்கும்போது கோட்டின் நீளத்தை முதலில் பாருங்கள். 40 மில்லி விநாடியும் மேலும் நீண்டால் லாட வௌவால். தட்டையாக இருந்து 10 மில்லி விநாடிக்குள் முடிந்தால் இலைமூக்கு வௌவால். பிறகு உயரம். தென் மலைகளில் 80 சுற்றி ரூக்ஸி, 90 பக்கம் இண்டோரூக்ஸி, 100ஐத் தாண்டி நீண்ட கோடு என்றால் சிறிய லாட வௌவாலான ரைனோலோஃபஸ் லெபிடஸ். கீழே 40 அருகில் தனியாக நின்றால் கம்பளி மயிர் கொண்ட பெடோம் லாட வௌவால். இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. லாட வௌவால் உண்மையில் விடுவது அடிப்படை ஒலியின் இரண்டாம் சீரிசையை, அதாவது அதன் இரு மடங்கு அதிர்வெண்ணை. ரூக்ஸியின் அடிப்படை ஒலி 40இல் இருக்கும், மூக்கறைகள் அதை அடக்கிவிடுகின்றன. மிகப் பக்கத்தில் வந்தால் அந்த 40 மெலிதாகத் தெரியும். அதே நொடியில் 80இல் தடித்த கோடு இருந்தால் அது ரூக்ஸிதான். 80இல் ஒன்றுமில்லாமல் 40 தடித்திருந்தால்தான் பெடோம்.

அதிர்வெண்ணை ஒரு புள்ளிக்குச் சுருக்கி எழுதாதீர்கள். விநாடிக்கு 5 மீட்டரில் பறக்கும் வௌவால் 80இல் தன் எதிரொலியைக் கேட்க, குரலை ஏறத்தாழ 2.3 கிலோஹெர்ட்ஸ் தாழ்த்திக்கொள்ளும். நம் மைக்கை நோக்கி வந்தால் அதில் 1.1 திரும்ப ஏறும், விலகிப் போனால் அதே அளவு இறங்கும். ஒரே வௌவால் 79இலும் 76.6இலும் பதிவாகலாம். தொங்கிக்கொண்டு ஒலிக்கும் வௌவாலின் கோடுகள் வரிசையாக ஒரே உயரத்தில் நிற்கும், அவற்றைத்தான் அளவுக்கு எடுக்க வேண்டும். இலங்கைக் கூட்டத்தில் ஆண்கள் 73.5 முதல் 77, பெண்கள் 76.5 முதல் 79 என்று அளந்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர், பாலுக்குப் பால் வேறுபடும் என்பதற்கு அதுவே சாட்சி. நல்ல வேளையாக 80க்கும் 90க்கும் நடுவிலுள்ள பள்ளம் இந்த அலைச்சல்களைவிட அகலம்.

கருவியால் முடியாதவை. எத்தனை வௌவால் என்று சொல்லாது: பத்து முறை கடந்த ஒன்றும் ஒரு முறை கடந்த பத்தும் அதற்கு ஒன்றே. பொய் இரத்தக்காட்டேரி வௌவால் கிசுகிசுப்பது போல ஒலிப்பதால், மைக்கின் மேலேயே பறந்தால் ஒழியக் கிடைக்காது. பழ வௌவால்களுக்கு இது செவிடு. அவை எதுவும் தொண்டையால் எதிரொலி பார்ப்பதில்லை, ரூசெட்டஸ் என்ற பேரினம் மட்டும் நாக்கைத் தட்டிக் கிளிக் ஒலி எழுப்பும். தமிழ்நாட்டின் அரிய காட்டு வௌவாலான சாலிம் அலி பழ வௌவாலைத் தேடிப் போகிறவர் இதை வாங்கிப் பயனில்லை. மேகமலையில் 1948இல் பிடிபட்ட அந்த வௌவால், குட்டைமூக்குப் பழ வௌவால் என்ற சீட்டோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் மும்பை அருங்காட்சியகப் பெட்டியில் கிடந்தது. தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா அதைத் திரும்ப எடுத்துப் பார்த்து, வேறு பேரினம் என்று 1972இல் எழுதினார். மாதிரி பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது.

ஒலிப்பதிவுக்கும் அதே கவனம் வேண்டும். 2012க்கு முன்பு "ரூக்ஸி" என்று மட்டும் எழுதிவிட்டு அதிர்வெண்ணைக் குறிக்காத குறிப்புகளை இன்று எந்த இனத்தில் சேர்ப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. அடையாளம் கண்டதும் இடம் காலியாக்க மூலப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். சுருக்கிய எம்பி3யாகவும் மாற்றாதீர்கள், அது மனிதக் காதுக்குக் கேட்காததை எல்லாம் வெட்டிவிடும். கருவியின் எண், கார்டின் எண், இடம், உயரம், பதிவு வேகம், பெருக்கம், தூண்டலின் மையமும் ஜன்னலும், உறை போட்டதா இல்லையா, இவற்றை ஒரு உரைக் கோப்பில் எழுதி அதே கோப்புறையில் போட்டு, இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள்.